முன்பாய்க்கு ஓர் ஆள்

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று இவர் கடலுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கோயில் வாசலிலிருந்தே படகுச் சங்கத்துக்குப் போய்விடுகிற மனுஷர், என்னோடு வீட்டுக்கு வந்து, சட்டைகூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நேற்று ரோச் அண்ணன் போன் பண்ணினார். முதுகு வலியாம். இனிமேல் படகில் ஏற முடியாதாம்.

இவருடையது இரண்டு பேர் ஓட்டுகிற சின்னப் பாய்மரப் படகு. பின்னால் உட்கார்ந்து சுக்கானும் பெரிய பாயும் பிடிப்பது இவர். முன்னால் இருக்கிற சின்னப் பாய் ரோச் அண்ணனுக்கு. காற்று தள்ளும்போது படகு சாயாமல் விளிம்புக்கு வெளியே மல்லாந்து கிடப்பதும் அவர்தான். இளைஞர்களாக இருந்தபோது சேர்ந்த ஜோடி. ஒருவர் இல்லையென்றால் மற்றவரும் கரையில்தான். பிப்ரவரியில் வருஷாந்தரப் போட்டி வேறு வருகிறது.

"விடுங்க, வேற யாராவது கிடைப்பாங்க" என்றேன்.

"ரோச்சு வந்துருவான். பூசையிலதான் நிக்கான்" என்றார்.

நான் சாளை மீன் கழுவப் போய்விட்டேன். வெயிலுக்கு முன் அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாடை.

செப்டம்பர் 26, வெள்ளி

பள்ளிக்கு லீவு போட்டு, மதுரைக்குப் போய்வந்தோம். பிள்ளைகளிடம் கண்ணாடி மாற்ற என்று சொல்லியிருக்கிறேன். டாக்டர் தன்மையான ஆள். பிடித்த காரியத்தை நிறுத்த வேண்டாம், ஆனால் எங்கே போனாலும் வீட்டாள் ஒருவர் கூட இருக்கட்டும் என்றார். வேறு சிலதும் சொன்னார். அதையெல்லாம் இதில் எழுதப்போவதில்லை.

திரும்பும்போது எட்டயபுரம் தாண்டி நல்ல மழை. இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கொண்டல் காத்து. பாய் தாங்காது" என்றார். காற்றுப் பெயரெல்லாம் சரியாகச் சொல்கிறார். அதை டாக்டரிடம் சொல்ல விட்டுப்போயிற்று.

அக்டோபர் 5, ஞாயிறு

பிள்ளைகள் இரண்டு பேரிடமும் பேசினேன். நம் வீட்டில் டாடி மட்டும் படகு ஓட்டுகிறார், நாம் ஒருவரும் எட்டிப்பார்த்ததில்லை. இந்த வருஷம் குடும்பமாக இறங்கலாம், கிறிஸ்மஸ் லீவில் பழகினால் பிப்ரவரிப் போட்டியில் யாராவது ஒருவர் டாடியோடு ஏறலாம் என்றேன். எனக்கே என் குரல் பாடம் நடத்துகிற மாதிரி இருந்தது.

ரெனிட்டா சென்னையில் வங்கியில் இருக்கிறாள். "மம்மி, ஒங்களுக்கு என்ன ஆச்சு? குளத்துல கால் வைக்கவே யோசிக்கிற ஆளு நீங்க" என்று சிரித்தாள்.

நெவில் சிரிக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து பேசினால் எப்போதும் பின்னால் மெஷின் சத்தம் கேட்கும். இன்று எழுந்து வெளியே வந்து பேசினான் போலிருக்கிறது.

"சின்னப் பிள்ளைல என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டு அழுவேன். போட்டிப் படகுல பிள்ளைகளை ஏத்தக்கூடாதும்பாரு. நான் கோயில்ல முதல் நன்மை வாங்குன அன்னைக்குக்கூட மத்தியானம் கடலுக்குப் போயிட்டாரு. இப்ப முப்பது வயசுல நான் வந்து கயிறு பிடிக்கணுமாக்கும்?"

"மக்கா, அவருக்கும் வயசாகுதுல்லா?"

"அதான். வயசானா வீட்டுல இருக்கச் சொல்லுங்க."

அவன் சொல்வதிலும் தப்பில்லை. நான் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 18, சனி

விட்டுவிடுகிற ஆளா நான்? பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒருத்தியையும் விட்டதில்லை. போன வருஷப் போட்டி வீடியோவைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். ஒன்பது படகுகளும் ஒரே சமயத்தில் மிதவையைச் சுற்றித் திரும்புகிற இடம். வெள்ளைத் துணியெல்லாம் படபடவென்று அடித்து, ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றை வாங்கிக்கொண்டு நிமிர்கின்றன. பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது! இத்தனை காலமும் நான் இதைப் பார்க்காமல் வீட்டில் என்ன பண்ணிக்கொண்டிருந்தேன்? இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன்.

ரெனிட்டா ஒரு கட்டைவிரல் போட்டாள். நெவில் பார்த்ததோடு சரி.

கயிறு பிடிக்கும்போது கை அறுக்காமலிருக்க இரண்டு ஜோடிக் கையுறை வாங்கி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மாமியார் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினோம். இவர் கல்லில் எழுதியிருந்ததை வெகுநேரம் படித்துவிட்டு, "அம்மா எப்ப செத்தா? எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். பக்கத்தில் நின்ற எங்கள் தெரு சவரியம்மாள் அக்கா என்னைப் பார்த்தாள்.

மழைக்கு முந்தின புழுக்கம். அந்தப் புழுக்கத்தில் யாருக்கும் தலை கிறுகிறுக்கும்.

நவம்பர் 23, ஞாயிறு

மழை. படகுச் சங்கம் மூடியிருக்கிறது. இவர் கேட்டுக்கு வெளியே போய் நிற்க, மூன்று முறை நான் திரும்பக் கூட்டி வந்தேன். கேட்டுக்கு உள்பக்கம் பூட்டு வாங்கியாயிற்று. தெருநாய்கள் வருகின்றன என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 24, புதன்

இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். வீடு நிறைய பைகள். நெவில் சரி என்று சொல்லிவிட்டான். ஒரே ஒருநாள், அதுவும் என் தொல்லைக்காக.

டிசம்பர் 26, வெள்ளி

இந்த நாளை நான் மறக்கக்கூடாது.

காலையில் நெவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கிளம்பினான். நானும் ரெனிட்டாவும் சங்கத்துக் கொடிமரத்தடியில் குடையோடு உட்கார்ந்தோம். இவர் படகுக்குப் பக்கத்தில் போனதுமே ஆள் மாறிவிட்டார். முடிச்சு ஒவ்வொன்றும் கண்ணால் பார்க்காமலே விழுகிறது. பாயை ஏற்றினார், சுக்கானை மாட்டினார், தண்ணீரில் முழங்கால் அளவுக்கு நின்றுகொண்டு, "ஏறு!" என்றார். நெவில் ஏறினான். வாடைக்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. படகு துள்ளிக்கொண்டு போயிற்று. முயல் தீவுப் பக்கம் ஒரு வெள்ளைக் கீற்றாகத் தெரிந்தது, அப்புறம் திரும்பி வந்தது.

வந்தபோது நெவில் தொப்பலாக நனைந்து சிரித்துக்கொண்டிருந்தான். நான் அவன் அப்படிச் சிரித்துப் பார்த்துப் பல வருஷமாயிற்று.

"மம்மி, படகு அப்படியே சாஞ்சு போகுது, நான் வெளிய தொங்குதேன், தலைல தண்ணி அடிக்குது, டாடி பாட்டுக்கு ஒத்தக் கையால சுக்கானப் பிடிச்சுக்கிட்டு ஆத்துப்பாலத்துல சைக்கிள் ஓட்டுத மாதிரி உக்காந்திருக்காரு! சரியா எந்த நிமிஷம் திருப்பணும்னு அவருக்கு எப்படித்தான் தெரியுதோ!"

மத்தியானம் சாப்பிடும்போது அப்பாவும் மகனும் ஒரே தட்டு வறுத்த நண்டைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். நெவில் நண்டுக்காலை உடைத்து அப்பா தட்டில் வைத்தான்.

"ஒரு வேடிக்கை, என்னை நாள் முழுக்க ரோச்சு, ரோச்சுன்னே கூப்பிட்டாரு" என்றான் என்னிடம், அடுக்களையில்.

"பழக்கம்லா" என்றேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

இன்று ரெனிட்டாவின் முறை. அவளாகவே கேட்டாள், அண்ணன் மட்டும் என்ன என்று. நெவில் கரையில் நின்று கையைக் கையை ஆட்டி யோசனை சொல்லிக்கொண்டிருந்தான்.

முதல் மிதவையைச் சரியாகச் சுற்றினார்கள். அடுத்தது இடது பக்கம், கரைக்கு வருகிற வழி. படகு திரும்பவில்லை. நேராகக் கிழக்கே போயிற்று. நெவில், "என்ன, டாடி நீளமாப் போறாரு?" என்றான். சிறிதாகிக்கொண்டே போயிற்று. சங்கத்து மோட்டார் படகை எடுத்துக்கொண்டு விரட்டிப் போய்த்தான் இழுத்து வந்தார்கள்.

ரெனிட்டாவின் உதடு வெளுத்திருந்தது. வீட்டுக்கு வந்து, இவரைப் படுக்க வைத்துவிட்டு, என்னை மாடிக்குக் கூட்டிப்போனாள்.

"மிதவை அந்தப் பக்கம் டாடின்னேன். எது மிதவைன்னாரு. கரை எங்க இருக்குன்னு என்ட்டயே கேட்டாரு. அப்புறம் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'பயப்படாத பாப்பா, ஒங்க வீடு எங்கன்னு சொல்லு, கொண்டுபோய் விடுதேன்'னாரு." சொல்லும்போதே அழுதுவிட்டாள். "எத்தனை நாளா மம்மி?"

துணி காய்ந்திருந்தது. நான் கொடியிலிருந்து எடுக்க ஆரம்பித்தேன்.

"எத்தனை நாளான்னு கேக்கேன்."

"ரெண்டு வருஷமா" என்றேன்.

டிசம்பர் 29, திங்கள்

நெவில் இன்றே கிளம்பிவிட்டான். போகுமுன் வாசலில் நின்று கேட்டான்:

"எங்களுக்குப் பாய்மரம் பிடிக்கணும்னு ஆசைப்பட்டீங்களா, இல்ல டாடிக்குக் காவலுக்கு ஆள் வேணும்னு எங்களை ஏமாத்துனீங்களா?"

"ரெண்டும்தான் மக்கா."

"அந்த வெள்ளிக்கிழமை…" என்று ஆரம்பித்தான். செருப்பை மாட்டிக்கொண்டான். "முதல் தடவையா எங்கப்பா எங்கூட வந்தாருன்னு நினைச்சேன் மம்மி. அவரு ரோச் மாமாகூடப் போயிருக்காரு."

ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இவர் ஜன்னலிலிருந்து பார்த்து, "யாரு போறா?" என்றார்.

ஜனவரி 4, ஞாயிறு

மத்தியானம் ரோச் அண்ணன் வந்தார். சங்கத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறார். இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் அடுக்களை முக்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். காப்பியைக் கையில் வைத்தபடி ஆறவிட்டார்.

"எனக்கு முதுகு நல்லாத்தான் இருக்கு ஆக்னஸ்" என்றார்.

ஆகஸ்ட்டிலேயே இதே மாதிரி நடந்ததாம். தீவைத் தாண்டிப் போய், பாயைத் தளரவிட்டு, இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். சுக்கானை அண்ணன் வாங்கிக் கரை சேர்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

"சங்கத்துல அவனுக்கு எம்புட்டு மரியாதை. நான் போய் எப்படிச் சொல்ல? முதுகுவலின்னுட்டேன். நான் வரலைன்னா அவனும் நிறுத்திருவான்னு நினைச்சேன். அவன் கூட ஏற எனக்கு இனி மனசுல தைரியம் இல்லம்மா. கடலுக்குப் பயந்து இல்ல. அவனை அப்படிப் பாக்க முடியல."

சங்கத்தில் பேசி முடிவெடுத்திருக்கிறார்களாம். படகை முழுக்கக் கையாளத் தெரிந்த ஒருவர் உடன் ஏறினால் பிப்ரவரிப் போட்டியில் லாம்பர்ட் வாஸ் கலந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் வேண்டாம். அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

"பிள்ளைங்க வருவாங்களா?" என்றார்.

"எனக்குச் சொல்லித் தாங்க."

"ஒங்களுக்கா?" காப்பி சிந்திவிட்டது. "நீங்க கடற்கரைக்கு வந்தாலே சேலையத் தூக்கிக்கிட்டுத் தள்ளி நிக்க ஆளாச்சே."

"சேலை கட்டாம வாரேன்" என்றேன்.

ஜனவரி 11, ஞாயிறு

காலை, இவர் எழுவதற்கு முன், வீட்டு வேலைக்கு வருகிற தனத்தைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனேன். ரெனிட்டாவின் பழைய டிராக் பேன்ட். ஐம்பத்தேழு வயதில். நல்லவேளை, என் மாணவிகள் யாரும் கடற்கரைக்கு வரவில்லை. சங்கத்துப் பழைய படகில் ஏறினேன், கவிழ்ந்தேன். மறுபடி ஏறினேன், மறுபடி கவிழ்ந்தேன். உப்புத்தண்ணீர் மூக்கு வழியாக மூளைக்கே போய்விட்டது.

ஜனவரி 17, சனி

உள்ளங்கை கொப்புளம். பொங்கல் லீவு முழுக்கக் கடல். படகு கவிழவில்லை. நான் கத்தியதில் தோணிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று ஒன்று நடந்தது. ரோச் அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு சுக்கானை என்னிடம் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் படகு குடிகாரனைப் போலப் போயிற்று. அப்புறம் என்னவோ சரியாகப் பொருந்திற்று. பாய் இறுகியது, படபடப்பு நின்றது, படகுக்கு அடியில் தண்ணீர் மெல்லிசாக விசில் அடிக்க ஆரம்பித்தது. யாரும் தள்ளவில்லை, எந்த இயந்திரமும் இல்லை. நான் சுக்கானைக் கொஞ்சம் இழுத்தால் அது கேட்கிறது.

இதற்குத்தானா இந்த மனுஷர் ஒவ்வொரு ஞாயிறும் போனார்? நான் அவரைச் சாப்பாட்டு நேரத்துக்கு வரவில்லை என்றுதான் திட்டியிருக்கிறேன்.

அண்ணன் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, காத்து கண்ணுல படுதோ?" என்றார். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

போட்டிக்கு முன்னால் ஒருமுறை இவரோடு போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தோம். இவருக்குச் சளி, காய்ச்சல். ரசமும் இடியாப்பமும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்றும் முடியவில்லை. காற்றே இல்லை. கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. அரையாண்டுத் தாளெல்லாம் திருத்தி முடித்து எவ்வளவோ நாளாயிற்று, திருப்புதல் தேர்வுத் தாள் வந்து குவிந்திருக்கிறது. ரெனிட்டா போட்டிக்கு வருகிறாளாம். நெவில் போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

முழுவதையும் எழுதிவிட வேண்டும்.

ரெனிட்டா இவரைப் பூசைக்குக் கூட்டிப் போனாள். நான் முன்னதாகவே சங்கத்துக்குப் போய் ரோச் அண்ணனோடு படகைத் தயார் செய்தேன். காலையில் கிளம்பும்போது இவரிடம் சொல்லியிருந்தேன், "இன்னைக்கு ஒங்க முன்பாய்க்கு நான்தான்" என்று. "நீயா!" என்று என் கன்னத்தில் தட்டிவிட்டுச் சிரித்தார்.

அவர் வந்து சேர்ந்தபோது நான் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மிதவைச் சட்டை, வெயிலுக்கு மூக்கில் வெள்ளைக் களிம்பு என்று நின்றேன். "குட் மார்னிங்" என்று கை கொடுத்தார். நானும் கொடுத்தேன். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

ரோச் அண்ணனும் ரெனிட்டாவும் மோட்டார் படகில் எங்கள் பின்னாலேயே வந்தார்கள். ஒன்பது படகுகள். வாடைக்காற்று நன்றாக விழுந்துகொண்டிருந்தது. தொடங்குவதற்கு முன் எல்லாப் படகும் தொடக்கக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இங்குமங்குமாக அலையும். ஹாரன் அடிக்கிற நேரத்துக்குச் சரியாகக் கோட்டில் முழு வேகத்தோடு இருக்க வேண்டும். இவர் கடிகாரம் பார்க்கவில்லை. கண்ணைச் சுருக்கித் தண்ணீரைத்தான் பார்த்தார். "இழுங்க" என்றார். நான் முன்பாயை இழுத்தேன். ஹாரன் அடித்தது. எங்கள் படகின் மூக்கு கோட்டின் மேல் இருந்தது.

அந்தப் போட்டி நடந்த நேரம் முழுக்க அவரிடம் ஒரு குறையும் இல்லை. மதுரை டாக்டர் வந்து பார்த்திருக்க வேண்டும். மிதவை எங்கே என்று நான் விரலால் காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். காட்டினால் போதும், எப்படிப் போவது என்பதை அவர் கை பார்த்துக்கொண்டது. "குனிங்க!" என்பார், தலைக்குமேல் பாயின் கட்டை பறந்து போகும். "வெளிய சாயுங்க, இன்னும், பயப்படாதீங்க, நான் பிடிச்சிருக்கேன்!" நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு கடலுக்குமேல் தொங்கினேன். மோட்டார் படகிலிருந்து ரெனிட்டா போனில் யாருக்கோ வர்ணனை கத்திக்கொண்டிருந்தாள். "நாலாவது! இல்ல, அஞ்சு! மம்மியப் பாரேன், மம்மியப் பாரேன்!" பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கம் கேட்டது நெவில்.

இழுங்க, குனிங்க, சாயுங்க. கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னை ஒருநாளும் 'நீங்க' என்றதில்லை. போட்டியென்றால் எல்லோருக்கும் அந்த மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவதாக வந்தோம்.

படகை இழுத்து மணலில் போட்டுவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். மற்றவர்கள் கூடாரத்துப் பக்கம் போய்விட்டார்கள். இவர் பாயை மடித்துக்கொண்டே பேசினார்.

"நல்லாப் பண்ணுனீங்க மேடம். முதல் போட்டியா?"

"ஆமா" என்றேன்.

"தெரியவே இல்ல. பயமே இல்ல ஒங்களுக்கு. எங்க வீட்டுல இருக்கவளுக்குத் தண்ணின்னாலே ஆகாது. டீச்சரா இருக்கா. கல்யாணம் ஆன மறுமாசத்துல இருந்து கூப்பிடுதேன், வரமாட்டேங்கா. ஒரே ஒரு தடவ வந்து பாத்தான்னா அப்புறம் விடமாட்டா, எனக்குத் தெரியும்." பாயின் மடிப்பை உள்ளங்கையால் நீவினார். "நான் ஞாயிறானா ஓடி வந்துருதேன்லா, அவளுக்கு என்மேல வருத்தம். வெளிய சொல்லமாட்டா."

"இன்னொரு தடவ கேட்டுப் பாருங்க" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"கேக்கணும். இன்னைக்கு வீட்டுக்குப் போய்க் கேக்கேன்."

தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றியிருக்கலாம். ஒரு கை தூக்குகிற வேலை. களிம்பைத் துடைத்துவிட்டு, "ஏங்க, நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். கழற்றவில்லை. கழற்றின பிறகும் அவர் மேடம் என்றால் நான் என்ன செய்வேன்?

ரெனிட்டா வந்து அவரைக் கூட்டிப் போகும்வரை அப்படியே நின்றேன். போகும்போது திரும்பி எனக்குக் கையசைத்தார்.

குளித்து, உப்பைப் போக்கி, சேலை கட்டிக்கொண்டேன். மத்தியானம் சாப்பிட்டார், தூங்கினார். நெவில் போன் பண்ணினான். எடுத்ததும் மெஷின் சத்தம் கேட்டது, எழுந்து வெளியே வந்தான் போலிருக்கிறது. அப்புறம், "அடுத்த வாரம் வாரேன் மம்மி. அவரு என்னை ரோச்சுன்னே கூப்பிடட்டும்" என்றான்.

சாயங்காலம் டீ போட்டுக் கொண்டுபோனேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்பார் கேட்பார் என்று இருந்தேன். நான் எந்தச் சேலையில் இருந்தால் அவருக்குப் பிடிக்குமோ அதைத்தான் கட்டியிருந்தேன். மணல் நிறப் பூப்போட்டது. அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கிற நேரமாயிற்று.

நானே கேட்டேன்.

"என்னங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் ஒங்க கூட வரட்டுமா?"

திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை, வருத்தமில்லை, நல்ல முகம்.

"எங்க?" என்றார்.